வாலில் தீ, வயிற்றில் எரிபொருள்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், பினாங்கின் பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளத்துக்கு வந்துபோன வெளிநாட்டுப் போர் விமானங்களைப் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லும்போது, ஆஸ்திரேலியாவின் எஃப்-111 விமானம் பறந்துகொண்டே தன் எரிபொருளை வெளியே கொட்டி, அதையே கொளுத்திக்கொண்டு போகும் என்று ஒரு வரி எழுதியிருந்தோம். பதிலின் மற்றப் பகுதிகளை யாரும் பொருட்படுத்தவில்லை போலிருக்கிறது. வந்த கடிதங்கள் அனைத்தும் அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஒரே பொருளில் அமைந்தவற்றை ஒன்றாக்கி, இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அரங்கின் மேலே ஒரு விமானம் வாலில் பெருந்தீயோடு பறந்துபோனது நினைவிருக்கிறது. அது கணினியில் செய்த வேலை என்று என் பேரன் சாதிக்கிறான். உண்மையில் அது தீதானா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டர்வொர்த்)

பதில்: தீதான் ஐயா, பேரனிடம் உறுதியாகவே சொல்லலாம். 2000 அக்டோபர் 1-ஆம் தேதி இரவு, ஒலிம்பிக் சுடர் அணைக்கப்பட்ட வேளையில், ஆஸ்திரேலிய ஆகாயப்படையின் எஃப்-111 விமானம் ஒன்று அரங்கின் மேலே தாழ்வாகப் பறந்தது. அணைந்த சுடரை விமானமே ஏந்திக்கொண்டு வானுக்குப் போவதுபோன்ற தோற்றத்தைத் தருவதற்காகவே அந்த நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அதே வித்தையைப் பிரிஸ்பேன் நகரத்தார் ஆண்டுதோறும் ஆற்றங்கரை வாணவேடிக்கை விழாவில் பார்த்துப் பழகியவர்கள். எஃப்-111 விமானங்களின் இருப்பிடமான ஆம்பர்லி தளம் பிரிஸ்பேனுக்கு அருகிலேயே இருந்ததால், அந்த ஊர் மக்களுக்கு அது சொந்த ஊர்த் திருவிழாவின் ஓர் அங்கமாகவே ஆகிவிட்டது.

ஆங்கிலத்தில் இதை டம்ப் அண்ட் பர்ன் என்பார்கள்; கொட்டு, கொளுத்து, அவ்வளவுதான். இது எப்படி நடக்கிறது என்பதை அந்த விமானத்தின் பின்புறத்தை மனக்கண்ணில் கொண்டுவந்தால் எளிதாகப் புரிந்துகொள்ளலாம். உடலின் கடைசியில் இரண்டு எஞ்சின்களின் வாய்களும் பெரிய வட்டங்களாக அடுத்தடுத்து நிற்கும். அவற்றின் விளிம்பில் உள்ள உலோக இதழ்கள் தேவைக்கேற்ப விரியும், சுருங்கும். இரண்டு வாய்களுக்கும் நடுவில் உடலின் நுனி கூம்பிப் பின்னோக்கி நீண்டிருக்கும். அந்த நுனியில்தான் எரிபொருளை வெளியேற்றும் குழாயின் திறப்பு இருக்கிறது. விமானி ஒரு விசையைத் தட்டினால் வால்வு திறந்து எரிபொருள் அங்கிருந்து கொட்டும். அந்த நேரத்தில் எஞ்சின்களின் ஆஃப்டர்பர்னரும் எரிந்துகொண்டிருந்தால், கொட்டுகிற எரிபொருள் இரண்டு தீப்பிழம்புகளுக்கு நடுவே சிக்கிப் பற்றிக்கொள்கிறது.

ஆஃப்டர்பர்னர் என்பதைப் பற்றியும் ஓரிரு வார்த்தைகள் சொல்ல வேண்டும். ஜெட் எஞ்சினுக்குள் நுழைகிற காற்றில் உள்ள ஆக்ஸிஜன் முழுவதும் உள்ளே எரிந்து தீர்ந்துவிடுவதில்லை. டர்பைனைத் தாண்டி வெளியேறும் சூடான வாயுவில் எஞ்சியிருக்கும் ஆக்ஸிஜனோடு மறுபடியும் எரிபொருளைப் பீய்ச்சிக் கொளுத்தினால், உந்துவிசை பாதியளவுக்குக்கூடக் கூடும். எரிபொருள் செலவோ அதைவிடப் பல மடங்கு கூடும். அதனால்தான் விமானிகள் அதை ஓடுபாதையிலிருந்து எழும்பவும், ஒலியின் வேகத்தைத் தாண்டவும், ஆபத்திலிருந்து தப்பவும் மட்டும் பயன்படுத்துவார்கள். எஃப்-111-இல் பொருத்தப்பட்டிருந்த பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் டிஎஃப்30 எஞ்சின்தான், டர்போஃபேன் (சூடான வாயுவோடு குளிர்ந்த காற்றையும் சேர்த்து வெளியேற்றும் ஜெட் எஞ்சின்) வகையில் ஆஃப்டர்பர்னரோடு உற்பத்திக்கு வந்த முதல் எஞ்சின். விமானத்தின் நீளம் சுமார் 22 மீட்டர். பின்னால் எரியும் தீ அதைவிட நீண்டு தெரியும். அதைப் படத்தில் மட்டும் பார்க்கிற பிள்ளைகள் நம்ப மறுப்பதில் வியப்பில்லை.

கேள்வி: வெளியே எரிகிற தீ அந்தக் குழாய் வழியாகவே உள்ளே ஓடி எரிபொருள் டாங்கியை வெடிக்கச் செய்யாதா? பெட்ரோல் நிலையத்தில் கைப்பேசியைக்கூட எடுக்காதே என்று சொல்கிறார்களே! (வாசகி, பிறை)

பதில்: இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்; சற்று விரிவாகவே பார்க்கலாம்.

முதலில், எரிவது திரவம் அன்று, ஆவி. அதுவும் காற்றோடு சரியான அளவில் கலந்த ஆவி. ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. பயணிகள் விமானங்களில் ஊற்றப்படும் ஜெட் ஏ-1 குறைந்தது 38 டிகிரி செல்சியஸ் வரை சூடானால்தான் அதன் மேற்பரப்பில் நெருப்பைக் காட்டினால் பற்றும் அளவுக்கு ஆவி சேரும். பெட்ரோலுக்கோ பூஜ்ஜியத்துக்கும் கீழே பல டிகிரிகள் போதும். ஆகவே பெட்ரோல் நிலையத்து எச்சரிக்கையை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

பினாங்கில் சாலையோரக் கடையில் சார் குவே தியாவ் கிளறுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் வாணலியைத் தூக்கிச் சுண்டும்போது விளிம்பைத் தாண்டித் தெறிக்கிற எண்ணெய்த் துளிகள் அடுப்புத் தீயில் பட்டு ஆளுயரத்துக்கு எழும்பும். பக்கத்தில் இருக்கும் எண்ணெய்ப் போத்தலுக்கோ ஒன்றும் ஆவதில்லை. துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலந்தது எரிகிறது, போத்தலில் மொத்தமாக இருப்பது எரிவதில்லை. எஃப்-111-இன் வாலிலும் இதுவே நடக்கிறது. குழாய்க்குள் இருக்கும்வரை அது காற்றே இல்லாத திரவம். வெளியே வந்து, எதிர்க்காற்றில் சிதறித் துளிகளாகி, ஆவியாகி, காற்றோடு கலந்த பிறகுதான் எரியும் தகுதியைப் பெறுகிறது.

இரண்டாவது காரணம் வேகம். அசைவற்ற காற்றில் மண்ணெண்ணெய் ஆவியின் வழியே தீ பரவும் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் அளவுதான். சுழலும் காற்றில் அது பல மடங்கு கூடும் என்றாலும், மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 140 மீட்டர் வேகத்தில் போகிற விமானத்தைத் துரத்திப் பிடிக்க அதனால் முடியாது. தீ முன்னோக்கி ஓட முயல்கிறது, காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் தீ ஏன் ஊதி அணைக்கப்படுவதில்லை என்று கேட்கலாம். உண்மையில் அது தன் பலத்தில் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் எரியும் ஆஃப்டர்பர்னர் பிழம்புகள் ஒவ்வொரு கணமும் அதைப் புதிதாகப் பற்றவைக்கின்றன. வால்வை மூடினால் கொளுத்த எதுவும் இல்லை. ஆஃப்டர்பர்னரை அணைத்தால் கொளுத்துகிறவர் இல்லை. இரண்டில் எதைச் செய்தாலும் தீ உடனே நின்றுவிடும்.

ஆஃப்டர்பர்னர் இல்லாதபோதும் எஞ்சினின் புகை சூடாகத்தானே இருக்கிறது, அதில் பற்றாதா என்று சுங்கை பட்டாணியிலிருந்து இன்னொருவர் கேட்டிருக்கிறார். தானாகப் பற்றிக்கொள்வதற்கு வெப்பம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். டர்போஃபேன் எஞ்சினில் வெப்ப வாயுவோடு குளிர்ந்த காற்றும் கலந்தே வெளியேறுகிறது. கொட்டிய எரிபொருள் அந்த வாயுவோடு சேர்ந்து பற்றுவதற்குள் விமானம் வெகுதூரம் போயிருக்கும், கலவையும் நீர்த்துப்போயிருக்கும். வழக்கமாக எரிபொருளைக் கொட்டும்போது ஆஃப்டர்பர்னரை எரியவிடாமல் வைத்திருப்பதன் காரணமும் இதுதான். காட்சிக்காகச் செய்யும்போது மட்டும் அந்த வழக்கத்தை வேண்டுமென்றே தலைகீழாக்குகிறார்கள்.

தீயின் நிறத்தையும் கவனித்துப் பாருங்கள். ஆஃப்டர்பர்னரின் பிழம்பு இரவில் நீலமும் ஊதாவும் கலந்து, நடுவில் வரிசையாக வைரக்கட்டங்கள் பதித்ததுபோல் கூர்மையாகத் தெரியும். அங்கே எரிபொருளும் காற்றும் நன்றாகக் கலந்திருக்கின்றன. கொட்டி எரிக்கும் தீயோ மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குழம்பி நெளியும். காற்று போதாமல் அரைகுறையாக எரிவதால் உண்டாகும் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதே அந்த மஞ்சள். எஞ்சின் வல்லுநரின் கண்ணுக்கு அது மோசமான எரிதல். வேடிக்கை பார்க்கிறவருக்கு அந்த மோசமான எரிதல்தான் அழகு.

கேள்வி: சுதந்திர தின ஒத்திகையின்போது கோலாலம்பூர் வானில் நம் சுகோய் விமானங்கள் இடியாக முழங்கிக்கொண்டு போயின. லங்காவி கண்காட்சியில் ஒரு விமானம் தீப்பந்துகளை உதிர்த்ததையும் பார்த்தேன். நம்மிடம் உள்ள விமானங்களும் இந்த வித்தையைச் செய்யுமா? (கல்லூரி மாணவர், செந்தூல்)

பதில்: செய்யாது தம்பி. நீங்கள் பார்த்தவை வேறு வேறு சங்கதிகள்.

முழக்கத்தோடு சுகோயின் வாலில் தெரிந்திருக்கக்கூடிய தீ, ஆஃப்டர்பர்னரின் தீ. அது எஞ்சினுக்குள்ளேயே பற்றி வெளியே நீளுவது. லங்காவியில் உதிர்ந்த தீப்பந்துகள் ஃபிளேர் எனப்படுபவை: வெப்பத்தை மோப்பம் பிடித்து வரும் ஏவுகணையைத் திசைதிருப்புவதற்காக, மக்னீசியம் கலந்த வில்லைகளைக் கொளுத்தி எறிகிறார்கள். அவற்றுக்கும் எரிபொருளுக்கும் தொடர்பே இல்லை. நம் ஆகாயப்படையின் கிரிஸ் சக்தி சாகசக் குழு வானில் இழுத்துக் காட்டுகிற வெண்கோடு, எஞ்சினின் சூடான புகைக்குழாயில் எண்ணெயைச் செலுத்தி ஆவியாக்குவதால் உண்டாவது. அந்த எண்ணெய் எரிவதில்லை, வெளியே குளிர்ந்து மூடுபனிபோல் வெளுக்கிறது. பிரிட்டனின் சிவப்பு அம்புகள் குழு ஜெட் எஞ்சினின் பின்னால் டீசலைப் பீய்ச்சி இதையே செய்கிறது, வண்ணம் வேண்டுமானால் சாயத்தைக் கலக்கிறது. சூடான வாயுவில் எண்ணெய் விழுந்த மாத்திரத்தில் தீப்பிடித்துவிடும் என்பது உண்மையானால், அந்தக் குழுவினர் ஒவ்வொரு காட்சியிலும் எரிந்துகொண்டே அல்லவா பறக்க வேண்டும்?

இந்த வித்தைக்கு வேண்டியது விமானியின் துணிச்சல் அன்று, குழாயின் இடம். 1997-இல் நம்மிடம் வந்த எட்டு எஃப்/ஏ-18டி ஹார்னெட் விமானங்களும் எரிபொருளைக் கொட்டக்கூடியவைதாம். ஆனால் அவற்றின் திறப்புகள் செங்குத்தான இரு வால் சிறகுகளின் மேற்பகுதியில் இருக்கின்றன. கொட்டும் எரிபொருள் எஞ்சின் பிழம்புக்கு மேலே, தனி வழியில் பின்னோக்கிப் போய்விடும். எஃப்-15 விமானத்தில் திறப்பு இறக்கையின் ஓரத்தில் இருக்கிறது. எஃப்-16-இல் உள் டாங்கியின் எரிபொருளைக் கொட்டும் ஏற்பாடே கிடையாது. எஃப்-111 போலவே இரண்டு எஞ்சின்களுக்கு நடுவில் குழாயை வைத்திருந்த இன்னொரு விமானம், அமெரிக்கக் கடற்படை 2006 வரை பயன்படுத்திய எஃப்-14 டாம்கேட். அதனாலும் இது இயலும். வடிவமைத்தவர்கள் வாணவேடிக்கையை மனத்தில் வைத்துக் குழாயை அங்கே வைக்கவில்லை. கொட்டுகிற எண்ணெய் உடலின் மேல் படாமல் போக வேண்டுமானால் ஆகக் கடைசி நுனியே நல்ல இடம். அங்கே பக்கத்தில் எஞ்சின்கள் இருந்தது தற்செயலான பொருத்தம்.

பட்டர்வொர்த் வாசகர்களுக்காக ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். 1971-இல் மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவற்றுக்கிடையே ஏற்பட்ட ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டின் வான் தற்காப்புத் தலைமையகம் உங்கள் ஊரில்தான் அமைந்தது. அதன் பயிற்சிகளுக்காக எஃப்-111 விமானங்கள் அங்கே வந்து இறங்கியிருக்கின்றன. ஆனால் பாகான் ஆஜாம் கரையிலிருந்து அந்தக் காலத்தில் தினமும் பார்த்ததாக மூத்தவர்கள் சொல்கிற ஆஸ்திரேலிய விமானங்கள் இவை அல்ல. அவை முக்கோண இறக்கை கொண்ட மிராஜ் விமானங்கள். 1988-இல் தளம் முழுமையாக நம் கைக்கு வருவதற்கு முன்பு அங்கேயே நிலைகொண்டிருந்தவை அவை.

கேள்வி: விமான நிலையத்துக்கு அருகில், டிங்கிலில் குடியிருக்கிறோம். பயணிகள் விமானங்களும் அவசரத்தில் எரிபொருளைக் கொட்டுமாமே. அது எங்கள் கூரையிலும் துணிக்கொடியிலும் விழாதா? விமானத்தின் பின்னால் அதுவும் பற்றிக்கொண்டால் என்ன ஆவது? (இல்லத்தரசி, டிங்கில்)

பதில்: பற்றிக்கொள்ளாதம்மா. பெரிய பயணிகள் விமானங்களில் எரிபொருள் வெளியேறும் திறப்புகள் இறக்கையின் பின்விளிம்பில், எஞ்சின்களிலிருந்து நன்றாக விலகி, வெளிப்புறமாக வைக்கப்பட்டிருக்கும். பயணிகள் விமான எஞ்சின்களில் ஆஃப்டர்பர்னரும் கிடையாது.

கொட்டுவதன் காரணம் எடைதான். நீண்ட தூரம் போகிற விமானம், இறங்கும்போது தாங்கக்கூடிய எடையைவிட மிக அதிகமான எடையோடுதான் ஏறுகிறது. இடைவெளியைப் பயணத்தில் எரிந்துபோகிற எரிபொருள் நிரப்பிவிடும். போயிங் 777-200இஆர் விமானத்தை எடுத்துக்கொண்டால், அது ஏறக்கூடிய உச்ச எடை சுமார் 297 டன், இறங்கக்கூடிய உச்ச எடை சுமார் 213 டன். ஏறிய அரைமணி நேரத்தில் ஏதோ கோளாறென்று திரும்ப வேண்டியிருந்தால், இடையிலுள்ள எண்பது டன் சொச்சத்தை என்ன செய்வது? ஒன்று, வட்டமடித்து எரிக்க வேண்டும். அல்லது கொட்ட வேண்டும். அவசரம் அதிகமென்றால் கனத்த எடையோடே இறங்கி, பிறகு சக்கரங்களையும் உடற்கட்டையும் சோதிக்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் அதிகம் பறக்கிற ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற சிறிய ரகங்களில் கொட்டும் வசதியே கிடையாது. அவற்றின் இரு எடைகளுக்கும் இடைவெளி குறைவாக இருப்பதால் அது தேவைப்படவில்லை. அந்த விமானங்கள் கடலுக்கு மேல் வட்டமடித்துக்கொண்டே இருக்கின்றன என்று பயணிகள் பதறுகிற பல நேரங்களில் நடப்பது, எரிபொருளை எரித்துத் தீர்ப்பதுதான்.

கூரையில் விழுமா என்பது உயரத்தைப் பொறுத்தது. கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிவித்து, 6,000 அடி அளவுக்கு மேல், கூடுமானவரை கடலுக்கோ மக்கள் வாழாத பகுதிக்கோ மேலாகக் கொட்டுவதே நடைமுறை. அந்த உயரத்திலிருந்து நுண்துளிகளாகச் சிதறும் எரிபொருள், நம் ஊர் வெக்கையில் தரையைத் தொடுமுன்பே பெரும்பாலும் ஆவியாகிவிடும். துணிக்கொடிக்கு வராது.

விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2020 ஜனவரி 14-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஷாங்காய்க்குக் கிளம்பிய டெல்டா நிறுவனத்தின் 777 விமானம் ஒன்று எஞ்சின் கோளாறால் திரும்பியது. எரிபொருளைக் கொட்ட வேண்டுமா என்று கட்டுப்பாட்டு அறை கேட்டபோது, வேண்டாம் என்று விமானி சொன்னார். அதன் பிறகு, இறங்கும் வழியில், 3,000 அடிக்கும் கீழே, குடியிருப்புகளுக்கு மேலேயே கொட்டிக்கொண்டு வந்தது அந்த விமானம். கீழே பள்ளிக்கூடத் திடலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணெரிச்சல், தோல் எரிச்சல் என்று 50-க்கும் மேற்பட்டோருக்கு முதலுதவி தர வேண்டியிருந்தது. நல்லவேளையாகக் கடுமையான காயம் யாருக்கும் இல்லை. கொட்டியதில் தவறில்லை, கொட்டிய இடத்திலும் உயரத்திலும்தான் தவறு.

கேள்வி: எரிபொருள் வெளியேறிப் பற்றிக்கொண்டதால்தானே பாரிஸில் கான்கார்ட் பயணிகள் விமானம் விழுந்தது? அங்கே உயிர்ப்பலி, இங்கே வேடிக்கை என்பது எப்படி? (வாசகர், தைப்பிங்)

பதில்: மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 2000 ஜூலை 25-ஆம் தேதி நடந்த அந்த விபத்தில், ஓடுபாதையில் கிடந்த உலோகத் துண்டின் மேல் ஏறிய சக்கரம் வெடித்து, ரப்பர்த் துண்டு இறக்கையின் அடிப்பகுதியைத் தாக்கியது. டாங்கி உடைந்து எரிபொருள் பீறிட்டது. விமானத்தில் இருந்த 109 பேரும் தரையில் இருந்த 4 பேரும் இறந்தார்கள்.

வேறுபாடு, தீ எங்கே தங்க இடம் கிடைத்தது என்பதில்தான். கான்கார்டில் எரிபொருள் கசிந்தது இறக்கையின் அடியில், இறங்கியிருந்த சக்கரங்களுக்கு அருகில். தடித்த பொருள் எதுவும் காற்றோட்டத்தின் குறுக்கே நின்றால் அதன் பின்னால் காற்று மெதுவாகச் சுழலும். தீ ஒட்டிக்கொண்டு நிற்க அந்த மறைவு போதும். அப்படித் தங்கிவிட்ட தீ இறக்கையையே தின்றது. சூடான வாயு எஞ்சின்களுக்குள் புகுந்து அவற்றின் வலுவைக் குலைத்தது. எஃப்-111-இலோ எரிபொருள் வெளியேறும் புள்ளிக்குப் பின்னால் விமானம் என்று எதுவுமே இல்லை. எரிய வேண்டியதெல்லாம் விட்டுவிட்டுப் போகிற காற்றில் எரிகிறது. அத்தோடு கான்கார்டில் வெளியேற்றம் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை, இங்கே விசை விமானியின் விரலில் இருக்கிறது. ஒலிம்பிக் நிறைவு விழா அந்த விபத்து நடந்த சில வாரங்களிலேயே வந்தது என்பதை நினைத்தால், அந்த இரவில் சிலருக்காவது நெஞ்சு திக்கென்றிருக்கும்.

கேள்வி: மக்கள் வரிப்பணத்தை வானத்தில் கொளுத்துவது நியாயமா? (வாசகர், கிள்ளான்)

பதில்: நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கிலோ மண்ணெண்ணெய் எரிந்தால் மூன்று கிலோவுக்கும் மேல் கரியமில வாயு உண்டாகும். அது எஞ்சினுக்குள் எரிந்தாலும் வெளியே எரிந்தாலும் ஒன்றுதான், வெளியே எரிந்தால் கரியும் கூடுதல். ஆயினும் கணக்கு என்று வந்தால், எஃப்-111-இன் உள் டாங்கிகள் ஏறத்தாழ 19,000 லிட்டர் கொள்பவை. சில விநாடிகள் கொட்டுவதைவிட அந்த விமானத்தை எழுப்பி, ஆஃப்டர்பர்னரோடு பறக்கவிட்டு, திரும்ப இறக்குவதுதான் பெருஞ்செலவு. குறை சொல்வதானால் வான்காட்சிகள் அனைத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கும், நம் சுதந்திர தின அணிவகுப்பு உட்பட.

கேள்வி: அந்த விமானங்கள் இப்போது எங்கே? என் மகள் மெல்பர்னில் படிக்கிறாள். போகும்போது பார்க்க முடியுமா? (வாசகர், ஈப்போ)

பதில்: பறக்கும் எஃப்-111 இன்று உலகில் எங்கும் இல்லை. அமெரிக்கா 1998-க்குள் தன்னிடமிருந்தவற்றை ஓய்வாக்கிவிட்டது. ஆஸ்திரேலியா 1963-இல் கேட்டு, பத்தாண்டு காத்திருந்து 1973-இல் பெற்ற விமானங்கள், 2010 டிசம்பர் 3-ஆம் தேதி ஆம்பர்லியில் கடைசியாகப் பறந்தன. முப்பத்தேழு ஆண்டுகளில் அந்நாட்டின் எஃப்-111 எதுவும் போரில் குண்டு வீசியதில்லை. 2006-இல் போதைப்பொருள் கடத்திப் பிடிபட்ட வடகொரியக் கப்பல் ஒன்றைப் பயிற்சியாகத் தாக்கி மூழ்கடித்தது உண்டு. உலகம் எஃப்-111-ஐ நினைவில் வைத்திருப்பது வாலில் எரிந்த தீயால்தான்.

ஓய்வுக்குப் பிறகு 23 விமானங்களை, குயின்ஸ்லாந்தின் இப்ஸ்விச் அருகே குப்பை புதைக்கும் நிலத்தில் 2011-இல் குழி வெட்டிப் புதைத்தார்கள். அவற்றின் பாகங்களை ஒட்டப் பயன்பட்ட பொருள்களில் கல்நார் கலந்திருந்ததால் உடைத்து விற்பது பாதுகாப்பாகத் தோன்றவில்லை.

அந்த எரிபொருளைத் தாங்கியிருந்த டாங்கிகளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை முடிப்பது சரியாகாது. எஃப்-111-இல் எரிபொருளுக்கென்று தனிப் பை கிடையாது. உடலின் உலோகத் தகடுகளே டாங்கியின் சுவர்கள். தகடுகள் சேரும் இடங்களில் பூசியிருந்த அடைப்புப் பசை காலப்போக்கில் கெட்டு ஒழுகத் தொடங்கியது. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசுவதற்காக, ஆம்பர்லியின் தரைப் பணியாளர்கள் ஆள் நுழைவதே கடினமான துவாரங்களின் வழியே உள்ளே ஊர்ந்து போனார்கள். குயின்ஸ்லாந்தின் வெயிலில் கொதிக்கும் உலோகப் பொந்துக்குள் படுத்தபடி, கடுமையான இரசாயனக் கரைப்பான்களோடு மணிக்கணக்கில் வேலை. எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய அந்தப் பணி, 2000-ஆம் ஆண்டில், பணியாளர்களின் உடல்நலக் கேடு வெளியே வந்த பிறகே நிறுத்தப்பட்டது. 2001-இல் வெளியான விசாரணை அறிக்கை, நானூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் பதிவு செய்தது. தோல் நோய், நரம்புத் தளர்ச்சி, மறதி, மனச்சோர்வு என்று பட்டியல் நீண்டது. நஷ்டஈட்டுக்காக அவர்களும் குடும்பத்தாரும் பல ஆண்டுகள் அலைந்தார்கள். சிட்னி வானில் அந்த விமானம் கைதட்டல் வாங்கியதும் அதே 2000-ஆம் ஆண்டில்தான். விமானியின் பெயரைக் கேட்டு எழுதியவர்கள் நான்கைந்து பேர்; டாங்கிக்குள் படுத்தவர்களைப் பற்றிக் கேட்டவர் ஒருவரும் இல்லை என்பதால் நானாகவே எழுதுகிறேன்.

மெல்பர்ன் போகிறீர்கள் என்றால், நகருக்குத் தென்மேற்கே உள்ள பாயிண்ட் குக் ஆகாயப்படை அருங்காட்சியகத்தில் ஓர் எஃப்-111 இருக்கிறது. முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், அனுமதிக்கும் அளவுக்குப் பின்புறம் சென்று, இரண்டு எஞ்சின் வாய்களுக்கும் நடுவில் உள்ள நுனியைப் பாருங்கள். அருங்காட்சியகம் இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் படைத்தளத்துக்குள் இருப்பதால், திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, கடப்பிதழைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.